விண்ணப்பப் படிவமும் ஒரு வியாபாரப் பத்திரம்தான்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியான மறுநாள் காலை. கடை திறந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. பல வருடமாக எங்களிடம் சீமெந்தும் கம்பியும் எடுக்கும் ஒரு மேசன் பாஸ், கையில் ஒரு பெட்டி மஸ்கட்டோடு உள்ளே வந்தார்.

“நானா, மகளுக்கு ரிசல்ட் நல்லம். ஒரு ஏ, ரெண்டு பீ. இனிக் கெம்பஸ் கெடச்ச மாதிரித்தானே?”

மஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு, “மாஷா அல்லாஹ்” என்றேன். பிறகு, “பாஸ், வேலையில பாதிதான் முடிஞ்சிருக்கு. மிச்சப் பாதி கடதாசியில இருக்கு” என்றேன். அவருடைய முகம் கொஞ்சம் வாடியது. வாடினாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். இந்தப் பத்தியில் சரக்கு விலை, வாடகை ஒப்பந்தம், காசோலை பற்றியெல்லாம் எழுதுகிறேன். இந்த வாரம் அந்த மிச்சப் பாதியைப் பற்றி எழுதுகிறேன். வியாபாரப் பத்தியில் இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். வாசித்து முடித்த பின் சொல்லுங்கள்.

என் கையால் நடந்த நட்டம்

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். 2009இல் என் தங்கையின் மகள் உயிரியல் பிரிவில் நல்ல புள்ளி எடுத்தாள். வீட்டில் படிவம் நிரப்பத் தெரிந்த ஆள் நான்தான் என்று எல்லோருக்கும் நினைப்பு. சுங்கப் பத்திரம், வங்கிப் பத்திரம் எல்லாம் நிரப்புகிறவன் அல்லவா! மருமகள் கைந்நூலையும் படிவத்தையும் என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள்.

நான் கைந்நூலைத் திறக்கவே இல்லை. “மருத்துவம் கொழும்பு, மருத்துவம் பேராதனை, பல் மருத்துவம். இந்த மூன்றையும் போடு, போதும். வேற எதுவும் போட்டா அதத்தான் தருவாங்க” என்றேன். அவள் மூன்று வரி எழுதினாள். மூன்றில் ஒன்றும் கிடைக்கவில்லை.

பின்னர் வெட்டுப்புள்ளிப் பட்டியல் வந்தது. கண்டி மாவட்டத்துக்கான விவசாய விஞ்ஞானப் பாடநெறியின் வெட்டுப்புள்ளி, அவள் எடுத்த புள்ளிக்குக் கீழே இருந்தது. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய பேராதனையில் ஓர் இடம் அவளுக்கு இருந்திருக்கிறது. நாங்கள் கேட்கவில்லை, அவர்கள் தரவில்லை. அடுத்த வருடம் மச்சானுக்கு நோய் வந்தது. மருமகள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டே இரண்டாம் தடவை எழுதினாள். புள்ளி குறைந்துவிட்டது. இன்று தனியார் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கிறாள். அவள் என்னைக் குறை சொன்னதே இல்லை. ஒருநாள் மட்டும், “அந்தக் கடதாசியில இன்னும் எவ்வளவு இடம் இருந்திச்சு மாமா” என்றாள். அந்த வருடத்திலிருந்துதான் நான் கைந்நூலைப் படிக்க ஆரம்பித்தேன்.

இடங்கள் பங்கிடப்படும் முறை

எமது நாட்டில் அரச பல்கலைக்கழகங்களுக்கு மாணவரைத் தெரிவு செய்வது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அமைந்தது. அண்மைய வருடங்களில் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பிக்கத் தகுதி பெறுகிறார்கள். உள்ளே போவது 40 ஆயிரம் சொச்சம் பேர். அதாவது, தகுதி வேறு, அனுமதி வேறு. மூன்று பாடங்களில் குறைந்தது ‘எஸ்’ சித்தியும், எல்லாப் பிரிவினரும் எழுதும் பொதுப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளியும் இருந்தால் விண்ணப்பிக்கும் தகுதி கிடைக்கும். வாசல் வரை வரலாம், அவ்வளவுதான்.

உள்ளே போவதைத் தீர்மானிப்பது இசட் புள்ளி. பலருக்கு இது மாயமாகத் தெரிகிறது. விடயம் இலேசானது. ஒரு பாடத்தில் எல்லோரும் எடுத்த புள்ளிகளின் சராசரியை விடப் பிள்ளை எவ்வளவு மேலே நிற்கிறது என்று பார்க்கிறார்கள். அந்த இடைவெளியை, அந்தப் பாடத்தில் புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவால் பிரிக்கிறார்கள். ஓர் உதாரணக் கணக்கு: ஒரு பாடத்தின் சராசரி 45, பரவல் 15. உங்கள் பிள்ளை 75 எடுத்தால் இசட் புள்ளி 2. இன்னொரு பாடத்தின் சராசரி 60, பரவல் 10. அதிலும் 75 எடுத்தால் 1.5தான். ஒரே 75, ஆனால் பெறுமதி வேறு. சரக்குத் தட்டுப்பாடான சந்தையில் எடுத்த இலாபத்தையும், எல்லோரும் இலாபம் பார்த்த சந்தையில் எடுத்த இலாபத்தையும் நாங்கள் ஒரே தராசில் வைப்பதில்லையே! மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளைக் கூட்டி மூன்றால் பிரித்தால் இறுதிப் புள்ளி வரும். எனவே ஏ, பீ எழுத்துகளை மட்டும் பார்த்து ஆசைப்படவும் வேண்டாம், மனம் உடையவும் வேண்டாம்.

அடுத்தது மாவட்டம். பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைக்கு. 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி பிரிகிறது. மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகப் போகிறது. அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், புத்தளம், அனுராதபுரம் போன்ற, எமது மக்கள் கணிசமாக வாழும் மாவட்டங்கள் அந்த 16இல் உள்ளன. கலைப் பாடநெறி போன்ற சிலவற்றுக்கு மாத்திரம் மாவட்டப் பங்கு இல்லை.

இங்கே ஒரு விடயத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையின் மாவட்டம் எது என்பது வீட்டு விலாசத்தைப் பார்த்து முடிவாவதில்லை. உயர்தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் இறுதித் திகதிக்கு முந்திய மூன்று வருடங்களில் எந்தப் பாடசாலையில் படித்தது என்று பார்க்கிறார்கள். “கொழும்புல நல்ல ஸ்கூல்” என்று சொல்லி உயர்தரத்துக்குப் பிள்ளையை மாற்றுகிற புத்தளத்து வாப்பா, இதைக் கணக்கில் எடுத்த பிறகு மாற்ற வேண்டும்.

விருப்பத் தெரிவு: அதிகம் பிழை நடக்கும் இடம்

ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு பாடநெறிக்கும் ஒரு குறியீட்டு இலக்கம் உண்டு. யுனி கோட் என்பார்கள். பிள்ளை தான் விரும்பும் வரிசையில் அவற்றை எழுத வேண்டும். தெரிவு எப்படி நடக்கிறது? முதலாவதாக எழுதியதற்குப் புள்ளி போதுமா என்று பார்ப்பார்கள். போதாவிட்டால் இரண்டாவது, அதற்கும் போதாவிட்டால் மூன்றாவது. இப்படியே கீழே இறங்குவார்கள். போதுமான முதல் இடத்தில் நிறுத்துவார்கள்.

இதிலிருந்து மூன்று பாடம் படிக்கலாம்.

ஒன்று, கீழே நிறைய எழுதுவதால் மேலே உள்ளது ஒருபோதும் கெடாது. நான் 2009இல் சொன்னது சுத்தப் பிழை. ஐம்பது குறியீடு எழுதினாலும், முதலாவதற்குப் புள்ளி இருந்தால் முதலாவதுதான் கிடைக்கும்.

இரண்டு, “இது நிச்சயம் கிடைக்கும்” என்று ஒன்றை முதலில் போடாதீர்கள். நிச்சயமாகவே அதுதான் கிடைக்கும், அதற்கு மேலான தகுதி இருந்தாலும். உண்மையான விருப்பத்தின்படிதான் வரிசை இருக்க வேண்டும்.

மூன்று, கடந்த வருட வெட்டுப்புள்ளி கடந்த வருட விலை மாதிரி. திசை காட்டும், உத்தரவாதம் தராது. கொஞ்சம் ஏறலாம், கொஞ்சம் இறங்கலாம். எனவே புள்ளிக்குச் சற்று மேலே உள்ளதையும், சமமானதையும், கீழே உள்ளதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கிடைத்தால் போகவே மாட்டோம் என்று தெரிந்த இடத்தை எழுதுமுன் வீட்டில் பேசுங்கள். ஒரு பாடநெறிக்குத் தெரிவாகிப் பதிந்துவிட்டால், அடுத்த வருடம் திரும்ப வந்து வேறொன்றுக்கு விண்ணப்பிக்க இடமில்லை. பெண் பிள்ளை தூரத்துக்குப் போவதா என்ற கேள்வி எங்கள் வீடுகளில் கடைசி நேரத்தில்தான், அதுவும் பிள்ளை இல்லாத அறையில் பேசப்படுகிறது. அதைப் படிவத்துக்கு முன்னால், பிள்ளையையும் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

கட்டடக் கலை, ஆடை வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு போன்ற சில பாடநெறிகளுக்கு இசட் புள்ளி மட்டும் போதாது. தனியான உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. அதற்கான அறிவித்தல் தனியாக வரும், தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதில் சித்தியடையாமல் குறியீட்டை மட்டும் எழுதிப் பயனில்லை.

இன்னும் ஒன்று. மீள் திருத்தத்துக்குக் கொடுத்திருக்கிறோம், அது வரட்டும் என்றோ, இரண்டாம் தடவை எழுதப் போகிறோம் என்றோ விண்ணப்பிக்காமல் இருக்க வேண்டாம். விண்ணப்பிக்கும் காலம் சில வாரங்கள்தான். போன திகதி திரும்பி வராது.

கடதாசியில் தடக்கும் இடங்கள்

ஒரு தடவை சரக்குப் பத்திரத்தில் கம்பனிப் பெயரின் ஓர் எழுத்துப் பிழைத்ததால் எனது கொள்கலன் துறைமுகத்தில் பதினொரு நாள் நின்றது. டெமரேஜ் கட்டினேன். பிள்ளைகளுக்கும் இதே பிரச்சினை வருகிறது. பிறப்புச் சான்றிதழில் முஹம்மத், அடையாள அட்டையில் மொஹமட், பரீட்சைச் சான்றிதழில் வெறும் முதலெழுத்து. வாப்பாவின் பெயர் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். இதைப் பெறுபேறு வந்த பின்பு கவனிக்கக் கூடாது. பிள்ளை பதினொராம் ஆண்டில் இருக்கும்போதே மூன்று ஆவணங்களையும் மேசையில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்த வேண்டியதைப் பிரதேச செயலகத்தில் கேட்டுத் திருத்துங்கள். சத்தியக் கடதாசி போதுமா, பிறப்புச் சான்றிதழையே திருத்த வேண்டுமா என்று அங்கே சொல்வார்கள்.

இப்போது விண்ணப்பம் இணையத்தில்தான். கணினி இல்லாத பிள்ளை கொமியுனிகேஷன் கடைக்கு ஓடுகிறது. அங்கே இருக்கும் தம்பி நல்ல மனதோடு நிரப்பிக் கொடுக்கிறார். ஆனால் மின்னஞ்சல் முகவரி யாருடையது? நான் பார்த்த ஒரு படிவத்தில் அது கடைக்காரருடையது, தொலைபேசி இலக்கமும் கடையுடையது. முதல் சுற்றில் இடம் கிடைக்காதவர்களுக்குக்கூட வெற்றிடம் நிரப்பும்போது பின்னர் அழைப்பு வரலாம். அந்த அழைப்பு யாருக்குப் போகும்? பிள்ளையின் சொந்த மின்னஞ்சல், சொந்த இலக்கம், கடவுச்சொல் எழுதிய ஒரு கொப்பி. இந்த மூன்றும் வீட்டில் இருக்க வேண்டும். அனுமதி முடியும்வரை சிம்மை மாற்ற வேண்டாம். எதை அச்சிட வேண்டும், யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், எதைத் தபாலில் சேர்க்க வேண்டும் என்பதை அந்தந்த வருடக் கைந்நூலில் உள்ளபடியே செய்யுங்கள். தபாலில் அனுப்புவதானால் பதிவுத் தபால்தான். துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

பணம்: வெட்கமும் வேண்டாம், பொய்யும் வேண்டாம்

அரச பல்கலைக்கழகத்தில் கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை. இலவசக் கல்வி என்ற அந்தப் பெரிய உதவி 1945 முதல் எமக்குக் கிடைக்கிறது. செலவு வருவது தங்குமிடம், சாப்பாடு, பஸ், மடிக்கணினி என்பவற்றால்.

இதற்கு முதல் உதவி மகாபொல. அப்போதைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலியின் முயற்சியில், 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நம்பிக்கை நிதியம் இதைக் கொடுக்கிறது. புள்ளியையும் குடும்ப வருமானத்தையும் பார்ப்பார்கள். மகாபொல கிடைக்காத, வருமானம் குறைந்த பிள்ளைகளுக்கு உதவிப் பணம் உண்டு, பேசரி என்பார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், உதவிப் பணம் 4,000இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டன. உங்கள் பிள்ளை விண்ணப்பிக்கும் வருடத்துத் தொகையையும் வருமான எல்லையையும் அந்த வருட அறிவித்தலில் பாருங்கள்.

எங்கள் ஆட்கள் இந்த இடத்தில் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள்.

ஒரு சாரார் கேட்கவே வெட்கப்படுகிறார்கள். “நாங்க பிஸ்னஸ் ஆக்கள், உதவி கேட்டா ஊர் என்ன சொல்லும்?” வாரச் சந்தையில் தார்ப்பாய் விரித்துத் துணி விற்கிறவரும் பிஸ்னஸ் ஆள், நாலு மாடிக் கடை வைத்திருப்பவரும் பிஸ்னஸ் ஆள். படிவத்தில் ‘வியாபாரம்’ என்று ஒரே சொல்லைத்தான் இருவரும் எழுதுகிறார்கள். வருமானத்தைக் கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலகமும் உறுதிப்படுத்த வேண்டும். சம்பளக்காரரிடம் சம்பளத் துண்டு இருக்கிறது. சந்தை வியாபாரியிடம் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: ஒரு கொப்பி வாங்குங்கள். தினமும் வாங்கியது, விற்றது, மிஞ்சியது என்று மூன்று வரி எழுதுங்கள். ஒரு வருடக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினால் பேச்சு வேறு விதமாக இருக்கும்.

மறு சாரார், வருமானம் தாராளமாக இருந்தும் குறைத்து எழுதுகிறார்கள். கணக்குக் கொப்பியில் ஒன்று, விண்ணப்பத்தில் ஒன்று. இந்தப் பணம் வானத்திலிருந்து வருவதில்லை. அளவான தொகை, அளவான பெயர்கள். நாங்கள் பொய்யாக எடுக்கும் ஒவ்வொரு பெயரும் ஏதோ ஒரு தோட்டத் தொழிலாளியின், மீனவரின் பிள்ளையினுடைய ஹக். இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

கிடைக்கும் பணத்தையும் சரியாகக் கணக்கிடுங்கள். 7,500 ரூபாவை 30 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 250 ரூபா. வெளிக்கடையில் ஒரு சோற்றுப் பார்சலுக்கும் போதாது. அதோடு முதல் கொடுப்பனவு பிள்ளை உள்ளே போய்ச் சில மாதம் கழித்துத்தான் கைக்கு வருகிறது. வியாபாரத்தில் இலாபம் இருந்தும் கையில் காசு இல்லாமல் கடை மூடியவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். பிள்ளைகளும் அப்படித்தான் முதல் ஆறு மாதத்தில் தடுமாறுகிறார்கள். ஊர் வர்த்தக சங்கங்களுக்கும் பள்ளி நிர்வாகங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: பாராட்டு விழாவுக்கும் கேடயத்துக்கும் செலவழிப்பதில் பாதியை எடுத்து, முதல் ஆறு மாதத்துக்கு அழகிய கடனாகக் கொடுங்கள். திருப்பித் தந்தால் அடுத்த பிள்ளைக்கு உதவும்.

இடம் கிடைக்காவிட்டால்

கிடைக்காத பிள்ளைகள்தான் அதிகம். அவர்களைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. சம்மாந்துறை உட்படப் பல ஊர்களில் உள்ள உயர் தொழில்நுட்பவியல் கல்வி நிறுவகங்களில் உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம். கணக்கியல், தகவல் தொழில்நுட்பம் போன்றவை வேலைச் சந்தையில் மதிப்புள்ளவை. திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே பட்டம் படிக்கலாம். தொழிற்றகைமையோடு மேலே போக விரும்புகிறவர்களுக்கு இரத்மலானையில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது.

அங்கீகாரம் பெற்ற தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்க, 2017இல் அரசு ஒரு வட்டியில்லாக் கடன் திட்டத்தை ஆரம்பித்தது. முதலை மாணவர் படிப்பு முடிந்த பின் தவணையில் கட்டுவார், வட்டியை அரசு வங்கிக்குக் கட்டும். இந்த ஏற்பாடு பற்றி மனதில் கேள்வி உள்ளவர்கள் தாம் நம்பும் உலமாவிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். கேட்காமலே ஒதுக்கிவிட்டு, நகையை வட்டிக்கு அடகு வைத்து அதே கட்டணத்தைக் கட்டுகிற வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் முற்பணம் கட்டுமுன், அவர்கள் தரும் அந்தக் குறித்த பட்டம் அங்கீகாரம் பெற்றதா என்று ஆணைக்குழுவிலோ அமைச்சிலோ கேளுங்கள். சரக்கைப் பார்க்காமல் காசு கொடுக்காதவர்கள் நாங்கள். பிள்ளையின் நாலு வருடத்தை மட்டும் ஏன் விளம்பரப் பலகையைப் பார்த்துக் கொடுக்கிறோம்?

மேசன் பாஸின் மகள் அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் உம்மாவோடு கடைக்கு வந்தாள். என் மருமகளும் வந்திருந்தாள். இப்போதெல்லாம் பெண் பிள்ளைகளின் படிவங்களை அவள்தான் பார்க்கிறாள். இருவரும் கைந்நூலையும் கடந்த வருடப் பட்டியலையும் விரித்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் இருந்தார்கள். எழுந்தபோது தாளில் முப்பத்தெட்டுக் குறியீடு இருந்தது. எது கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. எழுதாத காரணத்தால் எதுவும் போகாது என்பது மட்டும் தெரியும்.

டியூஷனுக்கு ஆயிரம் ஆயிரமாகக் கொடுத்த நாங்கள், இந்த இரண்டு மணித்தியாலத்தைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் உயர்தரம் எழுதிய பிள்ளை இருந்தால் இன்று இரவு சாப்பிட்ட பின் கேளுங்கள்: “மகள், ஒங்கட விண்ணப்பத்திட கடவுச்சொல் யார்ட்ட இருக்கு?” பதில் தடுமாறினால், பக்கத்தில் உட்காருங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் சந்திப்போம்.